குடலுக்குள்ள இருக்கிறவங்களுக்குச் சோறு

தொப்பை, பிரஷர், சுகர், கொழுப்பு... நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் கூட்டணி போட்டுத்தான் வரும். மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு பேரு. ரத்தக்குழாயை மெல்ல மெல்லக் கெடுக்கும். "அங்கேர்ந்து நல்ல புரோபயாட்டிக் மாத்திரை வாங்கிட்டு வா"ன்னு ஊர்ல கேக்கறாங்க. நான் சொல்றது: அந்தக் காசுக்குப் பயறு வாங்குங்க.

புரோபயாட்டிக்னா பாக்டீரியாவையே முழுங்கறது. ப்ரீபயாட்டிக்னா, ஏற்கனவே குடல்ல குடியிருக்கிற பாக்டீரியாவுக்குத் தீனி. நான் இருக்கிற ரோவில்லேர்ந்து கொஞ்ச தூரத்துல மோனாஷ் பல்கலைக்கழகம். அங்க பிரான்சின் மார்க்கெஸ் குழு இந்தத் தீனியைச் சோதிச்சு 2023ல வெளியிட்டாங்க. பிரஷர் இருந்தும் மருந்து எடுக்காத 20 பேர், மக்காச்சோளத்துல செஞ்ச விசேஷ ஸ்டார்ச் தினம் 40 கிராம், 3 வாரம். மேல் பிரஷர் சராசரியா 6 புள்ளி இறங்குச்சு! அந்த ஸ்டார்ச் சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போகும். அங்க பாக்டீரியா அதைப் பிரிச்சு அசிடேட், பியூட்டிரேட்னு அமிலங்களை விடும். அது ரத்தத்துல கலக்கும்.

இப்ப கணக்குப் போடுங்க. ஒரு கேப்ஸ்யூல்ல 1 கிராம் பிடிச்சாலே பெரிசு. 40 கிராமுக்கு எத்தனை முழுங்குவீங்க? :-)

20 பேர், 3 வாரம்ங்கிறது சின்ன சோதனைதான். ரத்தக்குழாய் பல வருஷம் நல்லா இருக்கும்னு அது நிரூபிக்கலை. அதனால டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. ஆனா சுண்டல், கொள்ளு, கீரை, ராகியைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. ஒரே நாள்ல கூட்டினா வயிறு உப்பும்.

டப்பாவுல வர்ற பாக்டீரியாவைத் தேடறதுக்கு முன்னாடி, உள்ள பட்டினி கிடக்கிறவங்களைக் கவனிங்க மக்களே!