ஆட்சேபணை எண் ஏழு

எங்கள் தெருவில் செல்போன் டவர் வரப்போகிற செய்தி செல்போன் வழியாகத்தான் பரவியது. இரவு பத்து மணிக்கு நலச்சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில் 'அபாயம்!' என்று ஒருவர் ஆரம்பிக்க, பொழுது விடிவதற்குள் நூற்றுப் பத்து மெசேஜ். பாதிப் பேர் மொட்டை மாடிக்கு ஏறிப் போய்த்தான் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது.

தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் நாற்பது வருஷத்துத் தெரு எங்களுடையது. டவர் வருவதாக இருந்தது டீச்சர் வீட்டு மாடியில். தனியார் பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்து ரிட்டையர் ஆனவர். பென்ஷன் இல்லை. கணவர் போய் ஐந்து வருஷம். மாதம் 18,000 ரூபாய் வாடகை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதும் தலையாட்டிவிட்டார். (டவர் வைக்கிறோம் என்று எஸ்.எம்.எஸ். அனுப்பி முன்பணம் கறக்கும் மோசடிக் கும்பல் நாடு முழுக்க உண்டல்லவா? அதனால், "பணம் நீங்க குடுக்கணுமா, நான் குடுக்கணுமா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாராம்.)

மறுநாள் காலை காபி நேரத்துக்குச் சரியாகச் சங்கச் செயலாளர் மனுவோடு வந்தார். தாலுகா ஆபீஸில் இருந்தவர். மனு எழுதுவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. மொத்தம் ஆறு ஆட்சேபணைகள்: புற்றுநோய், ஞாபக மறதி, தலைவலி, கர்ப்பிணிகள், சிட்டுக்குருவி, தென்னை.

"தென்னை எதுக்கு சார்?"

"எங்க வீட்டு மரம் காய்க்கவே இல்லையே!"

"டவர் இன்னும் வரலையே?"

"அதான் சொல்றேன். வராதப்பவே இப்படின்னா வந்தா என்ன ஆகும்?"

சிட்டுக்குருவி, 2018-ல் வந்த '2.0' படத்திலிருந்து நேராகப் பறந்து வந்து மனுவில் உட்கார்ந்திருந்தது. புற்றுநோய் விஷயத்தை அப்படித் தள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் போட்டது நிஜம். 'இருக்கலாம், ஆனால் ஆதாரம் போதாது' என்று அதற்கு அர்த்தம். அதே பிரிவில் கிழக்காசிய ஊறுகாயும் இருக்கிறது. தவிர, அந்தச் சந்தேகம் பெரும்பாலும் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும் போன் மேல்தான், தூரத்து டவர் மேல் அல்ல. டவர் எட்ட இருந்தால் கையிலிருக்கும் போன் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. பழைய ஜி.எஸ்.எம். போன்கள் உச்சத்தில் 2 வாட் வரை போகும். கிட்டத்திலேயே டவர் இருந்தால் கிசுகிசுத்தால் போதும்.

இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் கதிர்வீச்சு வரம்பை சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 ஆயிற்று. ஆன்டெனாவும் கலங்கரை விளக்கம் மாதிரிதான். வெளிச்சம் எதிரே போகும், காலடியில் இருட்டு. டீச்சரைவிட, அதே உயரத்தில் நேர் எதிரே இருக்கிற மாடிக்குத்தான் கூடுதலாக வரும். அதனால்தான் தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதலில், ஒரு ஆன்டெனா என்றால் அதற்கு நேர் எதிரே 20 மீட்டர், இரண்டு என்றால் 35 மீட்டர் இடைவெளி என்று கணக்கு வைத்தார்கள்.

நேர் எதிர் மாடி யாருடையது என்று செயலாளரிடம் கேட்டேன். அவருடையதுதான். சந்தேகமிருந்தால் 2017-ல் துறை ஆரம்பித்த 'தரங் சஞ்சார்' வலைத்தளத்தில் பணம் கட்டி அளக்கச் சொல்லலாம் என்றேன். "பணம் கட்டணுமா?" என்றார்.

2017-ல் குவாலியரில் ஒரு டவரை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் எடுத்துக் காட்டினார். வாஸ்தவம். ஆனால் 'விஞ்ஞான ஆதாரம் எங்கே?' என்று கேட்டு இதே மாதிரி மனுக்களைத் தள்ளிய உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு.

எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில். 2022 ஆகஸ்டில் விதிகளைத் திருத்தியபோது, தனியார் கட்டடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதியே தேவையில்லை, வேலை தொடங்குமுன் எழுதித் தெரிவித்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒரு பிராணி இருப்பதாகவே அதில் தெரியவில்லை. ஆனால் ஒரு கொக்கி உண்டு. கட்டடம் தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கொடுத்த சர்டிபிகேட்டைச் சேர்த்து வைக்க வேண்டும்.

டீச்சர் வீடு 1984-ல் கட்டியது. கீழ் போர்ஷனில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் குடியிருக்கிறது. மாடியில் டவர் என்றால் வெறும் கம்பம் இல்லை. அடியில் இரும்பு உத்தரங்கள், பேட்டரி பீரோக்கள், கரண்ட் போனால் காம்பவுண்டுக்குள் டீசல் ஜெனரேட்டர். தலைவலிக்கு அதைவிடக் காரணம் வேண்டுமா?

மனுவில் ஏழாவதாக இதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையோடு டீச்சர் வீட்டுக்கும் போனேன்.

"மொத்தம் எத்தனை பேர் போட்டிருக்காங்க சார்?"

"நாற்பத்து மூணு, டீச்சர்."

"அதுல பதினோரு வீட்டுப் பிள்ளைங்க என்கிட்ட படிச்சதுங்க. ஒருத்தராவது வந்து, 'ஏன் டீச்சர், பணம் முடையா?'ன்னு கேக்கலையே..."

நான் மனுவின் நகலை நீட்டினேன். பரீட்சைப் பேப்பர் மாதிரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். ஏழாவதில் விரலை வைத்து, "இதுக்கு மட்டும் மார்க் போடலாம்" என்றார். மறுநாள் அவரே கம்பெனிக்கு போன் செய்து சர்டிபிகேட் கேட்டுவிட்டார்.

இன்ஜினியர் வந்தார். சின்னப் பையன். சுத்தியலால் மாடிப்படித் தூணை நாலு தட்டுத் தட்டினான். ஒரு முறம் அளவு சிமெண்ட் காரை விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூரித்திருந்தது. "டவரை விடுங்கம்மா, முதல்ல இதை கவனிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

டவர் இப்போது அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தின் மேல் நிற்கிறது. ஆறு ஆட்சேபணைகளுக்கும் யாரும் பதில் போடவில்லை. எங்கள் வீட்டு சமையலறையில்கூட சிக்னல் நாலு கட்டம். 'மாபெரும் வெற்றி' என்று செயலாளர் குரூப்பில் போட்டார். கை கூப்பிய பொம்மைகளாக வந்து குவிந்தன.

அந்தத் தூணைச் சரிசெய்யத்தான் டீச்சர் வாடகையை நம்பியிருந்தார். மேஸ்திரி சொல்லும் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. வக்கீல் செலவுக்கென்று தலைக்கு 500 வீதம் நாங்கள் வசூலித்த 21,500 ரூபாய் சங்கத்தின் கணக்கில் அப்படியே தூங்குகிறது. அதை டீச்சருக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாமே என்றேன்.

"சங்க விதியில இடமில்லையே சார்."

"டவரை எதிர்க்க மட்டும் இருந்ததா?"

அடுத்த ஞாயிறு மீட்டிங்கில் தீர்மானம் வைக்கப்போகிறேன். நானும் இப்போது மனுவும் கையுமாக வீடு வீடாக, காபி நேரம் பார்த்து, ஏறி இறங்குகிறேன். இதுவரை ஒன்பது கையெழுத்து. ஒன்பதாவது, செயலாளரின் சம்சாரம்.