மூன்றும் பெண்ணா?

போன வாரம் என் சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது குழந்தையைத் தொட்டிலில் போட்டிருந்தார்கள். வீட்டில் கலகலப்பே இல்லை. "இவ வயித்துல பெண்ணைத் தவிர வேற தங்காது!" என்றார் மாமியார், காப்பியை என்னிடம் நீட்டிக்கொண்டே. சிநேகிதி தலை நிமிரவில்லை.

அந்தப் பேச்சு நியாயந்தானா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், வாருங்கள்.

ஆணோ பெண்ணோ, பூவோ தலையோ என்று இரண்டில் ஒன்றாக வரும் சங்கதிகளுக்குப் புள்ளியியலில் ஒரு சோதனை உண்டு. ஈருறுப்புச் சோதனை என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள்! கல்லூரியில் நான் காகிதத்தில் போட்ட கணக்கை இப்போது கம்ப்யூட்டர் நொடியில் போட்டுவிடுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஆர்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் 'பைனாம்.டெஸ்ட்(3, 3)' என்று எழுதினேன். மூன்று பிரசவத்தில் மூன்றும் பெண் என்று அர்த்தம். விடை 0.25 என்று வந்தது.

அதாவது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு இருந்தாலும், மூன்று குழந்தைகள் உள்ள நாலு வீடுகளில் சராசரியாக ஒரு வீட்டில் மூன்றும் பெண்ணாகவோ, மூன்றும் ஆணாகவோ அமைந்துவிடும்! விடை 0.05-க்குக் கீழே இறங்கினால்தான் 'இது தற்செயல் அல்ல' என்று சந்தேகிப்பது வழக்கம்.

அப்படி இறங்கிய கதையும் உண்டு. லண்டனில் ஜான் அர்புத்நாட் என்ற வைத்தியர், 1629 முதல் 1710 வரை ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினார். 82 வருஷத்திலும் ஆண் குழந்தைகளே அதிகம். அதே சோதனையை 82-க்கு 82 என்று போட்டால், புள்ளிக்குப் பின் இருபத்து நாலு சைபர் வருகிறது. அது தற்செயல் அல்லவே அல்ல. உலகில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறப்பது இயற்கை.

எண்பத்திரண்டு எங்கே, மூன்று எங்கே? மூன்றை வைத்து ஒருத்திக்குப் பட்டம் கட்டலாமா?

இன்னொன்று. தாய் தருவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். எக்ஸோ ஒய்யோ தருவது தகப்பன். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் கையிலும் இருப்பது சுண்டிவிட்ட காசுதான்.

இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை. அதுவரை பேப்பரில் முகம் புதைத்திருந்த பிள்ளையாண்டான்தான் எழுந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.