தீவகத் தாய்க்குத் தரங்குறைந்த சேவையா?

காணி வழக்கொன்று வந்தால், பரீட்சையில் தேறி உயர் நீதிமன்றத்தில் சத்தியஞ்செய்த சட்டத்தரணியையே நாம் நாடுகின்றோம். அவ்வழக்கில் தோற்றாலும் மேன்முறையீடு உண்டு. பிரசவத்தின் பின் இரத்தப்பெருக்கினால் மாண்ட தாய்க்கு எந்த மன்றத்தில் மேன்முறையீடு உண்டு? ஆதலின், வீடு தேடி வரும் பொதுச் சுகாதாரத் தாதிக்கும் குடும்பநல மருத்துவமாதுக்கும் எத்தகைய தகைமை வேண்டும் என்னும் வினா வைத்தியப் பகுதியாரின் உள்வீட்டு விவகாரமன்று. அது மக்களின் உரிமை வினா.

இத்துறையிலே நாம் நேற்று விழித்தவர்கள் அல்லர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்தார்; பிரசவ வைத்திய நூலொன்றையும் தமிழாக்கினார். 1898இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. 1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிற்று. 1930களில் ஓரிலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மாரைப் பலிகொடுத்த இத்தீவிலே இன்று அத்தொகை 50க்கும் கீழ். பெரிய வைத்தியசாலைகள் மட்டுமா இதனைச் சாதித்தன? ஒழுங்கை ஒழுங்கையாக நடந்த பயிற்சிபெற்ற பெண்களுக்கும் இப்பெருமையிற் பங்குண்டு.

சட்டம் என்ன சொல்கின்றது? தாதியரின் பதிவு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாதியர் பேரவைச் சட்டத்தின் கீழ் வருவது. மருத்துவமாதரின் பதிவோ வைத்தியக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவப் பேரவையிடம் உள்ளது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் பொதுச் சுகாதாரத்தையும் தாய் சேய் நலத்தையும் மாகாணப் பட்டியலில் வைத்தது. மேற்பார்வை செய்பவர் ஒரு பதிவேட்டில், செய்யப்படுபவர் மற்றொரு பதிவேட்டில்! ஆனால், அவர்கள் காக்கும் தாய் ஒருத்தியே. பெயர் பதிவேட்டில் இருப்பது ஒன்று; கை தேர்ந்திருப்பது வேறொன்று.

"ஆளே கிடையாத இடத்தில் தரம் பேசலாமா? தீவுகளுக்கு யாரேனும் போனாற் போதாதா?" என்பார் உளர். போதாது! கால்வீக்கமும் தலையிடியும் கண்மங்கலும் கண்ட கர்ப்பிணியின் ஆபத்தை நல்லூரிலே ஒருவர் கவனியாது விட்டாலும், போதனா வைத்தியசாலை அண்மையில் உண்டு. நெடுந்தீவிலே காலையிற் கவனியாது விட்டால், இரவிலே கடல் குறுக்கே நிற்கும். வைத்தியசாலை தூரமாகுந்தோறும் முதலிற் பார்ப்பவரின் திறமை உயரவேண்டுமேயன்றிக் குறைதல் ஆகாது. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம் என்பது நீதியன்று.

தரமென்பது தாதியை அடிக்கும் பிரம்புமன்று. இருதரப்பையும் கட்டும் ஒப்பந்தம். இரத்த அழுத்தமானியும் போக்குவரத்தும் தங்குமிடமும் கொடாத அரசாங்கம் அவரிடம் திறமையைக் கேட்க என்ன உரிமை உடையது?

எனவே நாம் கோருவன மூன்று. முதலாவது, வீட்டுச் சேவைக்குரிய திறமைகளை இரு பேரவைகளும் சேர்ந்து ஒரே பத்திரமாக வகுத்து, தமிழிலும் வெளியிடுதல் வேண்டும். இரண்டாவது, அத்திறமைகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை, தாய்மார் பேசும் மொழியிலேயே, செயல்முறையாகப் பரிசோதிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, தீவகத்திலும் வன்னியிலும் பணிபுரிவோர்க்கு மேற்பயிற்சியில் முதலிடம் அளித்தல் வேண்டும்.

வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இம்மூன்றையும் கேளுங்கள். விடையற்றவர் வெறுங்கையுடன் திரும்பட்டும்!