மளிகைக் கடைக்காரருக்காகச் சட்டம் கொண்டுவந்த பாட்மன்

நாடாளுமன்றம் போகிறவர்கள் எத்தனையோ பேர். மளிகைக் கடைக்காரரின் கொள்முதல் விலையைப் பற்றிக் கவலைப்பட்டு, அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தவர்கள் மிகச் சிலர். அமெரிக்காவின் ரைட் பாட்மன் அந்தச் சிலரில் ஒருவர். வணிகப் பெருமக்கள் அவரை அறிந்துகொள்வது நல்லது என்று கருதுகிறோம்.

1893-ல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். தொழிலால் வழக்கறிஞர். 1929-ல் நாடாளுமன்றக் கீழ்ச்சபைக்குள் நுழைந்து, 1976-ல் காலமாகும் வரை 47 ஆண்டுகள் உறுப்பினராகவே இருந்தார். பெரும் பணக்காரரான நிதியமைச்சர் மெல்லனைப் பதவி நீக்க வேண்டும் என்று 1932-ல் தீர்மானம் கொண்டுவந்தார். சிறிது காலத்தில் மெல்லன் அமைச்சர் பதவியை விட்டு லண்டனுக்குத் தூதராகப் போய்விட்டார்.

அக்காலத்தில் ஏ அண்ட் பி என்ற ஒரே நிறுவனத்துக்கு 15,000-க்கும் மேற்பட்ட மளிகைக் கடைகள் இருந்தன. பெருங்கடைகள் உற்பத்தியாளரை நெருக்கி, தரகு என்றும் விளம்பரச் செலவு என்றும் தனியாகப் பணம் பெற்றன. அதே சரக்கைச் சிறு கடைக்காரர் முழு விலைக்கு வாங்கினார். அவர் எப்படிப் போட்டி போடுவார்?

1936-ல் வந்த ராபின்சன்–பாட்மன் சட்டம் இதைத் தடுத்தது. போட்டியைக் கெடுக்கும் வகையில் ஒரே தரச் சரக்கை ஆளுக்கு ஒரு விலையில் விற்கக் கூடாது. வாங்குபவரே தரகு பெறக் கூடாது. விளம்பரச் சலுகை தந்தால் எல்லோருக்கும் அவரவர் அளவுக்குத் தர வேண்டும். மொத்தமாக வாங்குவதால் உண்மையில் செலவு மிச்சமானால் அந்த அளவு விலை குறைக்கலாம். நியாயம்தானே?

இதன் முதல் நகலை எழுதியவர் மொத்த மளிகை வியாபாரிகள் சங்கத்தின் வழக்கறிஞர் என்பதை நம் சங்கத்தார் கவனிக்க வேண்டும். அவர்கள் வெறும் மனு கொடுத்ததோடு நிற்கவில்லை.

பாட்மனிடம் குறை இல்லாமல் இல்லை. பள்ளிகளில் கறுப்பின மக்களைப் பிரித்து வைப்பதை ஆதரித்த 1956-ஆம் ஆண்டு அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். தொடர்கடைகளுக்குக் கடும் வரி போட 1938-ல் அவர் கொண்டுவந்த மசோதாவும் தோற்றது. வங்கிக் குழுத் தலைவர் பதவியை 1975-ல் சொந்தக் கட்சியினரே பறித்தனர்.

இந்தச் சட்டத்தால் பொதுமக்களுக்கு விலை ஏறும் என்று பொருளாதார அறிஞர்கள் கூறினர். இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பெரியவருக்குத் தந்த சலுகையைச் சிறியவர் தலையில் ஏற்றினால், சிறு கடையை நம்பி வாங்கும் ஏழைக்கும் விலை ஏறத்தானே செய்யும்?

1980-களுக்குப் பின் சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2024 டிசம்பரில்தான் ஒரு மது மொத்த விநியோக நிறுவனத்தின் மீது அரசின் வணிக ஆணையம் மீண்டும் வழக்குப் போட்டது.

நம் ஊரிலும் பெரிய அங்காடியின் சில்லறை விலை நம் கொள்முதல் விலைக்குக் கீழே இருப்பதைப் பார்க்கிறோம். சலுகை வேண்டாம், ஒரே சரக்குக்கு ஒரே விலை போதும் என்பதே நம் கோரிக்கை. அதற்குப் பில்களைச் சேர்த்து வைப்போம், விலை வித்தியாசத்தைக் கணக்காக எழுதுவோம், சட்ட வரைவோடு நம் பிரதிநிதிகளிடம் போவோம். சட்டம் வந்த பிறகும் அது நடக்கிறதா என்று கண்காணிப்பது நம் பொறுப்பே.