அமைதியான குடும்பத்துக்கு மட்டும்

நான் குடியிருக்கும் வீட்டின் மாடி நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. வாசல் கம்பிக் கதவில் வீட்டுக்காரர் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார்: "மாடி வாடகைக்கு. கடல் காற்று, நல்ல தண்ணீர் வசதி. அமைதியான குடும்பத்துக்கு மட்டும்."

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. துறைமுகத்து லாரிகள் இந்தப் பக்கம் வருவதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக்கூடத் தெருவில் காக்கை கத்துவது தனியாகக் கேட்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் கரையில் அலை புரளும் ஓசை வரும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆறு வருஷங்களுக்கு முன்பு இந்த வீடு கிடைத்தபோது பெரும் பாக்கியம் என்றே நினைத்தேன்.

அந்தப் பாக்கியம் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வீடு பார்க்க வந்த அன்று வீட்டுக்கார அண்ணாச்சி காப்பி கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார். எந்த ஊர்? வீட்டில் எத்தனை பேர்? மீன், கறி உண்டா? விருந்தாளிகள் அதிகம் வருவார்களா? கடைசியில், குரலைச் சற்றுத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க எந்த ஆளுக?" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். "எழுதுகிறவன், சத்தமே வராது" என்று நானாக ஒரு சிபார்சும் சேர்த்துக்கொண்டேன். எட்டு மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, பரீட்சையில் தேறிய பையன் போல வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பரீட்சையைப் பற்றித்தான் இன்று கோபப்படுகிறேன். தேறிய அன்று எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஜில்லாவில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடியின் தாழ்ந்த பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அதில் மூழ்கிய வீடுகளில் ஒன்று என் நண்பர் ஒருவர் வாடகைக்கு இருந்த வீடு. அவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். மாலை நேரங்களில் கடற்கரையில் சந்தித்துப் பேசிப் பழக்கம். அவருடைய மகள் அந்த வருஷம் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். புத்தகமெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது.

ஜனவரி மாதம் ஒருநாள் அவர் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, ஒங்க மாடி சும்மாதானே கெடக்கு? வாடகை எம்புட்டுன்னாலும் குடுத்திருதேன். பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கிற மட்டும் இருந்தாப் போதும். வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நல்ல மனுஷன்தான் சார், நான் இல்லேங்கல. ஆனா மீன் வாடை இருக்குமே. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போவாங்க. சொந்தக்காரங்க கூட்டம் வரும். நம்ம தெருவுக்கு ஒத்து வருமா? கீழே இருக்கது நீங்க. நீங்க என்ன சொல்லுதீய?"

என் அபிப்பிராயத்தைக் கேட்டுத்தான் வந்தார். நான் மட்டும் "கொடுங்கள், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொல்லியிருந்தால் அவர் பாதி மனதோடாவது சம்மதித்திருக்கக் கூடும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க வீடு அண்ணாச்சி, பார்த்துச் செய்யுங்க" என்றேன். அட்டை தொங்கியபடியே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வாரம் தவறாமல் சீலா மீன் எங்கள் தெருவுக்கு அந்த நண்பரிடமிருந்துதான் வரும். வீட்டுக்காரருக்கென்று நடுத்துண்டு தனியாக ஒதுக்கி வைப்பார். மீன் அடுப்பில் வேகும்போது வராத வாடை, அதைப் பிடித்தவன் மாடிப்படி ஏறினால் வந்துவிடுகிறது! ஆக, மூக்கு சம்பந்தப்பட்ட விவகாரம் அல்ல இது. "எந்த ஆளுக" என்று நேராகக் கேட்கக் கூசுகிறவர்களுக்கு "வாடை" என்ற சொல் கைகொடுக்கிறது. "அமைதி" அதைவிடவும் கௌரவமான சொல். அட்டையில் எழுதலாம், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது.

அமைதி! இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அமைதியைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை? தூத்துக்குடியில் எந்தக் காசு சத்தமில்லாமல் வந்தது? முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பு நடக்கும் பருவத்தில் கடற்கரையில் ஓலைக் கொட்டகைகளாலேயே ஒரு பட்டணம் எழும்பும். தோணிக்காரர், குளிப்பவர், கயிறு பிடிப்பவர், வியாபாரி, தரகர், சுறா அண்டாமல் மந்திரம் சொல்லும் கடல்கட்டி என்று ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். சிப்பி அழுகும் நாற்றம் ஊர் முழுவதும் வீசும். நாற்றம் பொறுக்கவில்லை என்று எந்த வியாபாரியும் ஊரை விட்டுப் போனதாகத் தெரியவில்லை. அந்தச் சிப்பிக்குள் முத்து இருந்ததே!

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்ற கடற்பயணக் குறிப்பில் கொற்கையின் முத்துக்குளிப்பு வருகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு பாண்டிய நாட்டில் முத்தெடுத்தார்கள் என்கிறான் அவன். முத்து கடல் தாண்டி ரோமாபுரி வரை போயிற்று. எடுத்தவன் குற்றவாளியாகக் கரையில் நின்றான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முறையான முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன் பிறகு பார்களில் சிப்பி தேறவில்லை; குளிப்பும் நின்றுபோயிற்று. என் நண்பரின் தாத்தா அந்தக் கடைசிக் குளிப்புகளில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர். பேரனுக்கு, முத்து நகரம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஊரில், முத்து நகர்க் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடி கிடைக்கவில்லை.

முத்தை விடுங்கள். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் அமைதியான காரியங்களா? இன்று துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்து மாலை போடுகிறோம். அந்த மில் தொழிலாளியின் கொள்ளுப்பேரன் வீடு கேட்டு வந்தால் "சம்பளச் சீட்டு இருக்கிறதா? எந்த ஆளுக?" என்று கேட்கிறோம். எங்கள் தெருவின் பழைய வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் இறங்கிப் பவளப் பாறையை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் யார்? அதைச் சுட்ட சுண்ணாம்பு அல்லவா இந்த ஊரின் சுவர்களில் ஏறியது! ஊருக்கு எதிரே அலையைத் தடுத்துக்கொண்டிருந்த தீவுகளில் விலாங்குச்சல்லி முழுகியே போய்விட்டது. வான் தீவு கரைந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணம். நாங்கள் அனுபவிக்கும் அமைதிக்குக் கடல் கொடுத்த விலை அது.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் அநியாயக்காரன். வாடகை ஒன்றையே நம்பி ஜீவிக்கும் விதவைகள் இருக்கிறார்கள். ஆறு மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டு, காலி செய்யவும் மறுத்து, கோர்ட்டுக்கு அலைய வைத்த குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, கச்சான் காற்று அடித்தால் கடலுக்குப் போக முடியாது. அப்போது வாடகைக்கு எங்கே போவான்?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பணம் வருமா என்பது பணத்தைப் பற்றிய கேள்வி. அதைக் கேளுங்கள், முன்பணம் வாங்குங்கள், ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பணத்தைப் பற்றிய கேள்விக்குப் பிறப்பைக் கொண்டு விடை எழுதாதீர்கள். எங்கள் தெருவில் வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவர் ஒரே ஒருவர்தான். அவர் கடலைப் பார்த்தது பால்கனியிலிருந்து மட்டுமே.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் புதிய சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. 'வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. என்னுடைய எட்டு மாதம் அந்த வால் வழியாகப் போனதுதான். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது. நல்ல விஷயம். ஆனால் இதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டுமே அங்கத்தினர் இடம் என்று ஒரு வீட்டுவசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

என் தங்கை மகன் கலிபோர்னியாவில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். "ரொம்ப அமைதியான இடம் மாமா. வீட்டுக்காரன் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தான். என்ன ஆளு என்று கேட்டால் அவன்மேல் வழக்குப் போடலாம்" என்று போனில் பெருமையாகச் சொன்னான். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த அமைதிக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் 1912-ல் புரூஸ் என்ற கறுப்பர் தம்பதி கடற்கரையில் நிலம் வாங்கி, தங்கள் ஜனங்கள் வந்து தங்கிக் குளித்துவிட்டுப் போக ஒரு விடுதி நடத்தினார்கள். அக்கம்பக்கத்து வெள்ளையர்களின் 'அமைதி' கெட்டது. 1924-ல் பூங்கா அமைக்கப்போவதாகச் சொல்லி நகரசபை அந்த நிலத்தைக் கையகப்படுத்தியது. வெகுகாலம் பூங்காவும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. 2022-ல்தான் வாரிசுகளுக்கு நிலம் திரும்பியது. ஏறக்குறைய நூறு வருஷம்!

இன்னொன்று. இனம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று 1963-ல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ஜனங்கள் வாக்களித்து, மிகப் பெரும்பான்மையோடு, வீட்டுக்காரருக்கு மறுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1967-ல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வாக்களித்தவர்கள் ராட்சதர்களா? வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுத்து உட்கார வைக்கும் நல்ல மனிதர்கள்தான். எங்கள் அண்ணாச்சியைப் போல, என்னைப் போல. நல்ல மனிதர்கள் தாமாகத் திருந்துவார்கள் என்று அங்கே காத்திருக்கவில்லை. 1968-ல் நாடு முழுவதற்கும் சட்டம் போட்டார்கள்.

நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். வீடு மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் பிறப்பாகவோ மதமாகவோ தொழிலாகவோ இருந்தால் தண்டம் கட்ட வேண்டும். அதுவரையில் அட்டையில் நிபந்தனைகளைப் பகிரங்கமாக எழுதுங்கள். பத்து மணிக்கு மேல் ரேடியோ கூடாதா, எழுதுங்கள். மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை வேண்டுமா, எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே அட்டை, ஒரே நிபந்தனை. உண்மையான அமைதி வேண்டும் என்கிறவருக்கு இது போதும். போதாது என்கிறவர் தேடுவது அமைதியை அல்ல.

குடித்தனக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "எந்த ஆளுக" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அந்தக் கேள்விக்குச் சரியான விடை வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள் பதில் சொல்லிச் சொல்லித்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. வீடு கைநழுவிப் போகலாம். விடை இல்லாதவர்களுக்குத் தினமும் போகிறதே!

என் நண்பர் கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு வீடு பிடித்தார். அவர் மகள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பரீட்சை எழுதினாள். அவர் இன்னும் எனக்கு மீன் கொடுத்தனுப்புகிறார். வீட்டுக்காரரிடம் நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை வெளியானால் தெரிந்துவிடும். தெரியட்டும்.

வீட்டுக்கார அண்ணாச்சியும் இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். என் ஒப்பந்தம் வருகிற தை மாதத்தோடு முடிகிறது. புதுப்பித்துத் தருவாரா, காலி செய்யச் சொல்வாரா, அவர் இஷ்டம். "நீங்க என்ன சொல்லுதீய?" என்று அன்று அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஒன்றரை வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.