முத்திரை குத்தப்படும் பிள்ளைகள்

“அடங்காத பயல், படிப்பு ஏறாது, தறிக்கு அனுப்பிவிடு.” பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இந்த யோசனையைக் கேட்காத தொழிலாளி குறைவு. இப்பொழுது விஞ்ஞானத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73ல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுவயதில் தன்னை அடக்கத் தெரியாதவர்கள் 32 வயதில் வருமானத்தில் பின்தங்கியிருந்தார்கள். கண்டது மெய். ஆனால் அதைக் காட்டி “பிறவிக் குணம்” என்று முடிவுகட்டுகிறவர்களை நாம் நம்பத் தயாரில்லை.

சேலம் ஜில்லா இந்தப் பேச்சை முன்பே கண்டிருக்கிறது. உப்பையும் தானியத்தையும் மாட்டின்மேல் ஏற்றி ஊர் ஊராக விற்றுப் பிழைத்த உப்புக் குறவர்களின் தொழிலை வெள்ளைக்கார சர்க்காரின் உப்பு வரியும் ரயிலும் அழித்தன. அழித்தவர்களே அம்மக்களைக் குற்றப் பரம்பரை என்று பதிந்தார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கவும் 1911ம் வருஷச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. தொட்டிலிலேயே திருடன்! அப்படிப் பதியப்பட்ட பிள்ளை எந்த உத்தியோகத்துக்குப் போக முடியும்? சென்னை மாகாணத்தில் 1947ல்தான் அது ரத்தாயிற்று.

ரத்தம் அல்ல, வறுமைதான் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி உண்டு. வடக்கு கரோலினாவில் செரோக்கி பழங்குடி மக்களுக்கு 1996 முதல் சூதாட்ட விடுதி லாபத்தில் ஆளுக்கொரு பங்கு கிடைத்தது. (சூதாட்டத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை.) 1993லிருந்தே அவ்வட்டாரப் பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் கவனித்து வந்தார்கள். வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் சண்டையும் முரண்டும், வறுமையே காணாத பிள்ளைகளின் அளவுக்குக் குறைந்துவிட்டன. மீளாத வீடுகளில் குறையவில்லை. கவலையும் மனச்சோர்வும் மட்டும் எங்கும் அவ்வளவாக மாறவில்லை. பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்ததே முக்கிய காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறினார்கள்.

நம் வீடுகளில் அந்த நேரம் எங்கே? தகப்பன் இரவு ஷிப்டில் தறி ஓட்டுகிறான். தாய் விடியுமுன் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறாள். பிள்ளை வகுப்பில் தூங்கினால் சோம்பேறி, சண்டையிட்டால் ரவுடி! 2023ல் அரசு தொடக்கப் பள்ளிகளெங்கும் விரிந்த காலை உணவு நல்லதே. ஒரு வேளைப் பசி தீரும்; கூலி உயராது.

2009ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது, அடிக்கவும் கூடாது. “டி.சி. வாங்கிக்கொண்டு போ” என்றால் கையெழுத்துப் போடாமல் நேரே சங்கத்துக்கு வாருங்கள். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் எட்டு மணி நேர வேலையை இந்தப் பிள்ளைகளின் பெயராலும் கேட்போம்.