குடிநோயாளியும் நோயாளிதான், டாக்டர்!

சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கி விழுந்து வந்தால், ரெண்டு வார்த்தை திட்டினாலும் படுக்க வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள். குடியை விட்டவர் மறுபடி குடித்துவிட்டு வந்தால் மட்டும், "இவனுக்கெல்லாம் எதுக்கும்மா பெட்?" என்கிறார்கள். தலை குனிந்து நிற்பது கூட வந்த மனைவிதான்.

இந்த ஏச்சுக்குப் பயந்தே நம் பெண்கள் உண்மையை மறைக்கிறார்கள். ஆபரேஷனுக்குச் சேர்க்கும்போது "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால், "எப்பவாவதுதான் டாக்டர்" என்று சமாளிக்கிறார்கள். பத்துப் பேர் காதில் விழ வார்டில் கேட்டால் வேறென்ன சொல்வாள்?

ஆனால் இதில் உயிராபத்து இருக்கிறது, சகோதரிகளே! தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். வலிப்பும் வரலாம். ரெண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல் பிதற்றுவார். இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்வார். இது திமிர் அல்ல. மதுவுக்குப் பழகிப்போன மூளை, அது கிடைக்காமல் தடுமாறுகிறது. முன்பே தெரிந்தால் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துக் காப்பாற்ற முடியும். தெரியாவிட்டால், "ரகளை பண்றான்" என்று கட்டிலோடு கட்டிப் போடுவதுதான் நடக்கும்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் குடிநோயாளிகளுக்கென்றே சிகிச்சை மையம் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. ஒரு குடும்பத்தலைவிக்குப் புரிந்த இந்த விஷயம், எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் எப்போது புரியும்?

டாக்டர்களே, நர்ஸ் அம்மாக்களே! தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "ஏன் குடிக்கிறே?" என்று வேண்டாம். "ஒரு நாளைக்கு எவ்வளவு? கடைசியாக எப்போது?" என்று கேளுங்கள். மறுபடி குடித்துவிட்டு வந்தாலும் விரட்டாதீர்கள். இந்த நோய் திரும்பி வரக்கூடியது; அதற்காக இதுவரை பார்த்த வைத்தியம் வீணாகிவிடாது.

சகோதரிகளே, நீங்களும் மானத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்டால், "தனியாச் சொல்றேன் டாக்டர்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவசரத்துக்கு 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும் கிடைக்கும்.

உங்களைப் பரிவோடு நடத்திய டாக்டரோ, நர்ஸோ உண்டா? எழுதுங்கள். மற்றவர்களும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்!